டீ குடிக்கப் போனவர்

அந்த ஆளை நான் பார்த்தேன். அதை முதல்லயே சொல்லிடறேன். மத்ததெல்லாம் அப்புறம்.

பையைக் கொஞ்சம் நகர்த்திக்கிறீங்களா? போதும், போதும். ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க. எனக்கு வெளியே பார்க்க ஒண்ணும் இல்லை. டவுனைத் தாண்டினா தொண்டாமுத்தூர் வரைக்கும் வாழையும் தென்னையும்தான். கண்டக்டரும் டிக்கெட் குடுத்துட்டுப் போயிட்டார், இனி இறங்கற வரைக்கும் நம்மளை யாரும் தேட மாட்டாங்க. நான் பேசினா தொந்தரவு இல்லையே? தூங்கணும்னா தூங்குங்க. கண்ணை மூடிக்கிட்டே கேளுங்க, பரவாயில்லை. நான் ஆள் மூஞ்சியைப் பார்த்துப் பேசற பழக்கம் உள்ளவன் இல்லை.

மில்லுல டைம்கீப்பரா இருந்தேங்க. எந்த மில்லுன்னு சொல்லி என்ன ஆகப்போகுது, இப்ப அந்த இடத்துல துணிக்கடை இருக்கு. டைம் ஆபீஸ்னு ஒரு ரூம். அதுல கை மட்டும் நுழையற மாதிரி ஒரு ஜன்னல். ஷிப்டுக்கு வர்றவங்க பித்தளை வில்லையை அதுவழியா நீட்டுவாங்க. நான் வாங்கி ஆணியில மாட்டுவேன். வில்லை ஆணியில தொங்கினா ஆள் உள்ளே. தொங்கலைன்னா ஆள் இல்லை. என் சர்வீஸ் முழுக்க, வராத ஆளை வந்ததாப் போட்டது கிடையாது. என் மச்சினனே ஒரு நாள் ஜன்னலுக்கு அந்தப்பக்கம் நின்னு, "மாமா, இன்னைக்கு ஒரு நாளைக்கு மாட்டி வையுங்க, பொண்ணு பார்க்கப் போறேன்"னு கெஞ்சினான். மாட்டலை. அவன் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரலை. வராட்டிப் போகட்டும்.

எதுக்குச் சொல்றேன்னா, நான் பார்த்தேன்னு சொன்னா பார்த்தேன். ஊர்ல அதுக்கு மறுபேச்சு கிடையாது.

ரிட்டயர் ஆனப்புறம் வீட்டுல உட்கார்ந்தா சுலோச்சனா விடலை. சுலோச்சனா என் சம்சாரம். "நான் அடுப்படிக்கு எத்தனை தடவை போறேன்னு எண்ணிக்கிட்டு உட்காராதீங்க. உழவர் சந்தைக்குப் போயிட்டு வாங்க, கால் நடந்த மாதிரியும் ஆகும், காய் வந்த மாதிரியும் ஆகும்"னு பையைக் குடுத்துத் துரத்தினா. அப்படித்தான் ஆரம்பிச்சது. எங்க காலனியிலிருந்து நடக்கற தூரம்தான்.

நீங்க உழவர் சந்தைக்குப் போறதுண்டா? போகணும். விவசாயிங்க முதல் பஸ்ல மூட்டையோட வந்து இறங்குவாங்க. சந்தை ஆபீஸ்ல விவசாயி அடையாளக் கார்டைக் காட்டினா தராசு குடுப்பாங்க. அன்னைய விலையைப் போர்டுல எழுதிப் போட்டுருவாங்க, பேரத்துக்கு இடமில்லை. வெயில் ஏறறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு தராசைத் திருப்பிக் குடுத்துட்டுக் கிளம்பிருவாங்க. காலனியில யாரும் யார் வீட்டு வாசப்படியையும் மிதிக்கிறது இல்லை, கேட்டைச் சாத்திக்கிட்டு உள்ளே இருப்பாங்க. ஆனா சந்தையில பாருங்க, டாக்டரும் ஆட்டோக்காரரும் ஒரே தக்காளிக் குவியல்ல கையை விட்டுக்கிட்டு நிப்பாங்க. யார் மகளுக்கு வரன் பார்க்கிறாங்க, எந்தத் தெருவுல தண்ணி வரலை, எல்லாம் அங்கதான் தெரியும்.

அந்த சந்தையில ஒரு வழக்கம். கடைக்காரர் எழுந்து போகணும்னா, டீ குடிக்கவோ வேற எதுக்கோ, தோளுல கிடக்கற துண்டை எடுத்துக் காய் மேல போட்டுட்டுப் போவார். துண்டு கிடந்தா ஆள் வந்திருக்கார்னு அர்த்தம். பக்கத்துக் கடைக்காரங்க எடை போட்டுக் குடுத்து காசை அந்தத் துண்டுக்கு அடியில வச்சிருவாங்க. யாரும் தொட மாட்டாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்சது. நம்ம வில்லை மாதிரிதானே?

கடைசி வரிசையில பழனாத்தாள் கடை. புருஷன் பேரு கிட்டுச்சாமி. ரெண்டு பேரும் சேர்ந்து வருவாங்க. அந்தம்மா எடை போடும், அவர் பையில கொட்டுவார். கத்தரி, வெண்டை, சின்ன வெங்காயம். வெங்காயம் மட்டும் மழைக்காலத்துல கொஞ்சம் ஈரமா இருக்கும், அதைச் சொன்னா அவர் மறுபேச்சுப் பேசாம மாத்திக் குடுப்பார். நீலத் துண்டு. பல வருஷமா நான் அங்கதான் வாங்கினேன். பக்கத்துல கீரை விக்கிற ரங்கம்மா, அவங்க ஊர்க்காரிதான். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "டைம்கீப்பர் அய்யா வந்தாச்சு, எல்லாரும் நிமிர்ந்து உட்காருங்க, ஆப்சென்ட் போட்டுருவார்"ம்பா.

ஐப்பசி மழைக்கு அப்புறம் கடையில அந்தம்மா மட்டும் இருக்கும். பக்கத்துல நீலத் துண்டு கிடக்கும். "எங்க, கிட்டுச்சாமியைக் காணோம்?"னு ஒரு தடவை கேட்டேன். ரங்கம்மாதான் பதில் சொன்னா. "டீ குடிக்கப் போயிருக்காருங்க." சரின்னு வந்துட்டேன். வர்ற வழியில, சந்தை கேட்டுக்கு வெளியே உண்ணியோட டீக்கடை. சேட்டன் கடை. அங்க நீலத் துண்டு போட்ட ஒருத்தர் முதுகைக் காட்டிக்கிட்டு டீ குடிச்சிட்டு நின்னார். நான் தலையை ஆட்டினேன். அவரும் ஆட்டின மாதிரிதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் தினமும் இதேதான். கடையில துண்டு, டீக்கடையில ஆள். நான் அதை ஏன் யோசிக்கணும்? துண்டை இங்க போட்டுட்டு வந்தவருக்கு அங்க தோளுல துண்டு எப்படின்னு இப்ப சுலோச்சனா கேட்கிறா. ஏன், ஒரு மனுஷன்கிட்ட ரெண்டு துண்டு இருக்கக் கூடாதா?

தை மாசம் ஒரு நாள் காலையில, சந்தை நிறைஞ்ச நேரம், ஒரு பெரியவர் வந்து நடுவுல நின்னு கத்த ஆரம்பிச்சார். கிட்டுச்சாமியோட அண்ணனாம். நாச்சிமுத்துன்னு பேரு.

"எந் தம்பி செத்து மூணு மாசம் ஆச்சு! நானே மண்ணைத் தள்ளிட்டு வந்தேன். அவம் பேர்ல இருக்கற கார்டை வச்சுக்கிட்டு இவ கடை போடறா. ஊரு பூராவும் சேர்ந்து கூத்தடிக்கிறீங்களா?"

ஆபீசரம்மா ஓடி வந்தாங்க. புதுசா மாத்தலாகி வந்திருந்த பொண்ணு, என் மக வயசு இருக்கும். விஷயம் இதுதான். கார்டு கிட்டுச்சாமி பேர்ல. நிலம் அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் கூட்டுப் பட்டா. அண்ணன் கையெழுத்துப் போட்டாத்தான் அந்தம்மா பேருக்கு நிலம் பிரியும், நிலம் பிரிஞ்சாத்தான் கார்டு கிடைக்கும். அண்ணன் கிணத்தோரத்து நிலத்தை எழுதிக் குடுத்தாத்தான் கையெழுத்துன்னு நிக்கிறார். சந்தையில கடை போச்சுன்னா அந்தம்மா காயை அவர் சொல்ற மண்டிக்கு அவர் சொல்ற விலைக்குத்தான் போடணும். ரெண்டு போகம் தாங்காது. அப்புறம் நிலம் தானா அவர் கைக்கு வரும். இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. பின்னால தெரிஞ்சுக்கிட்டேன்.

ஆபீசரம்மா சுத்தி நின்ன கடைக்காரங்களைப் பார்த்துக் கேட்டாங்க. "கிட்டுச்சாமியை யாராவது பார்த்தீங்களா? உண்மையைச் சொல்லுங்க."

ஒருத்தரும் வாயைத் திறக்கலை. எல்லாரும் கார்டுக்காரங்க. பொய் சொல்லி மாட்டினா அவங்க கடையும் போகும். ரங்கம்மா கூட கீரைக்கட்டைப் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டிக்கிட்டிருந்தா. பழனாத்தாள் தராசுக் கல்லைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னுச்சு.

எனக்கு எரிச்சல் வந்துச்சு. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் எல்லாரும் ஊமையா நிக்கிறாங்க? முன்னால போய்ச் சொன்னேன். "நான் பார்த்தேன் மேடம். இப்பத்தான் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே டீ குடிச்சிட்டு நிக்கிறார்."

நாச்சிமுத்து என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "நீங்க யாருங்க?"

"காய் வாங்க வந்தவன்."

"எந் தம்பியைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அவனுக்கு மீசை இருந்துச்சா இல்லையா, சொல்லுங்க பார்க்கலாம்!"

"மீசையைப் பார்க்கவா நான் சந்தைக்கு வர்றேன்? கத்தரிக்காய் வாங்க வர்றேன்"னேன்.

சந்தையே சிரிச்சது. அந்தச் சிரிப்புல பெரியவர் குரல் எடுபடலை. யாரோ விசில் வேற அடிச்சாங்க. டாக்டர் வீட்டம்மா, "இவர் பொய் சொல்ல மாட்டார், எங்க காலனிக்காரர், மில்லுல டைம்கீப்பரா இருந்தவர்"னு ஆபீசரம்மாகிட்ட எடுத்துச் சொன்னாங்க. ஆபீசரம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு, டீக்கடைப் பக்கம் போய்ப் பார்க்காமலே, "சரி, விசாரிக்கிறேன்"னு சொல்லி ஆபீசுக்குள்ள போயிட்டாங்க. ஏன் போய்ப் பார்க்கலைன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலை.

அன்னைக்கு எனக்குக் கிடைச்ச மரியாதையைச் சொல்லணும். கறிவேப்பிலைன்னா கறிவேப்பிலை, ஒரு மரத்தையே ஒடிச்சு வச்ச மாதிரி. மல்லி, புதினா, ஒரு சீப்பு வாழைப்பழம். ரங்கம்மா என் பையில முருங்கைக்கீரையைத் திணிச்சுக்கிட்டே கண்ணைத் துடைச்சா.

"சாமி, நல்ல நேரத்துல வந்து ஒரு பொய்யைச் சொன்னீங்க. உங்க புள்ளைகுட்டி நல்லா இருக்கும்."

"பொய்யா?"ன்னேன். "என்ன பொய்?"

"அய்யோ, பொய் இல்லீங்க, பொய் இல்லீங்க"ன்னு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா.

"ரங்கம்மா, நான் பார்த்தேன்."

அவ சிரிப்பை நிறுத்தினா. "அய்யா, மோட்டார் ரூம்ல மாரடைச்சு விழுந்தவரைத் தூக்கினதுல நானும் ஒருத்தி. நாங்க எல்லாரும் சாவுக்குப் போயிட்டு வந்துதான் மறுநாள் அந்தத் துண்டைப் போட்டோம்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் பார்த்தேன்."

அவ கீரைக்குத் தண்ணி தெளிக்கப் போயிட்டா.

வீட்டுல வந்து சொன்னேன். சுலோச்சனா கரண்டியோட அடுப்படியிலிருந்து வந்து நின்னா. "நீங்க யாரைத்தான் பார்த்திருக்கீங்க? நான் புதுக்கண்ணாடி போட்டு ஒரு மாசம் ஆச்சு. கண்டுபிடிச்சீங்களா?" நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தா. அது எப்பப் போட்டதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? பொம்பளைங்க பேச்சை எங்கிருந்து எங்க கொண்டு போறாங்க பாருங்க.

மறுநாள் நான் போனப்ப பழனாத்தாள் எடை போடறதை நிறுத்திட்டு மெதுவாக் கேட்டுச்சு.

"அய்யா, நெசமாவே பார்த்தீங்களா?"

"ஏன், நீயும் நான் பொய் சொல்றதா நினைக்கிறியா?"

"இல்லீங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அதுதான் கேட்கறேன்." தராசுத் தட்டைக் கையால தொடைச்சுக்கிட்டே இருந்துச்சு. "மண்ணைத் தள்ளினதை நானும் பார்த்தேனுங்க. ஆனா பொய் சொல்லாத ஒரு மனுசர், அத்தனை பேர் முன்னாடி நின்னு, பார்த்தேன்னு சொல்றாரே."

நான் ஒரு வெண்டைக்காய் நுனியை ஒடிச்சுப் பார்த்தேன்.

அப்புறம் கேட்டுச்சு. "டீயில சர்க்கரை போட்டுக் குடிச்சாருங்களா? டாக்டர் வேண்டாம்னு சொன்னாரு. நான் இல்லைன்னா போட்டுக்குவாரு."

"போட்டுத்தான் குடிச்சிருப்பார்"னு சொன்னேன். உண்ணி கடையில சர்க்கரை இல்லாம டீ யாருக்கும் கிடைக்காது, அது எனக்குத் தெரியும்.

அந்தம்மா சிரிச்சுச்சு. சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. "நெனைச்சேன்"னுச்சு.

அதுலேர்ந்து தினமும். காய் வாங்கறதுக்கு முன்னாடி, "இன்னைக்கு வந்திருந்தாருங்களா?" நானும் வர்ற வழியிலேயே டீக்கடையைப் பார்த்துட்டு வந்துருவேன். "வந்திருந்தார்." "இருமல் இருந்துச்சா?" "கொஞ்சம் இருந்துச்சு." "மாத்திரை போட்டுக்கச் சொல்லுங்க." இப்படி. கடையைச் சுத்திக் கூட்டம் நிக்கும், தக்காளியைக் கையில வச்சுக்கிட்டு எல்லாரும் கேட்டுக்கிட்டு நிப்பாங்க. முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் சிரிக்கிறதை விட்டுட்டாங்க. அந்தம்மா முந்தி எப்பவும் சோர்ந்தே உட்கார்ந்திருக்கும். இப்ப தலைக்குப் பூ வச்சுக்கிட்டு வந்துச்சு. ரங்கம்மா அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கிட்டா. பூ வச்சதுனாலதான் அதை நான் கவனிச்சேன், வாசனை வந்துச்சு.

மார்கழிப் பனி மாசி வரைக்கும் இழுத்துச்சு இந்த வருஷம். ஒரு நாள் அந்தம்மா ஒரு மப்ளரைக் குடுத்துச்சு. காக்கி நிறம், துவைச்சு மடிச்சது. "காதுல காத்துப் போனா அவருக்கு ஆகாதுங்க. பார்த்தாக் குடுத்துருங்க." வாங்கிக்கிட்டேன். அன்னைக்கு நான் போறதுக்குள்ள அவர் கிளம்பிட்டார் போல. டீக்கடை பெஞ்சுல வச்சுட்டு வந்தேன். மறுநாள் பார்த்தா அங்க மப்ளர் இல்லை.

எடுத்துக்கிட்டார்னுதானே அர்த்தம்?

உண்ணிகிட்டக் கேட்டேன். "யாராவது எடுத்திருப்பாங்க சாரே, ரோட்டோரத்துல துணி கிடந்தா விடுவாங்களா?"ன்னான். "நீலத் துண்டு போட்டு ஒருத்தர் தினம் இங்க வர்றாரே, அவர் எடுத்தாரா?"ன்னேன். "சாரே, இங்க வர்றதுல பாதிப் பேர் நீலத் துண்டு. சந்தைக்கு வெளியே விக்கிறவன்கிட்ட அந்த ஒரு கலர்தான் இருக்கு. நீங்க யாரைக் கேட்கறீங்க?" டீக்கடைக்காரனுக்கு கிளாஸைக் கழுவவே நேரம் போதாது, ஆளை எங்க பார்க்கப் போறான்?

அந்தம்மாகிட்டச் சொன்னேன், மப்ளரை எடுத்துக்கிட்டார்னு. அன்னைக்குக் கத்தரிக்காய்க்குக் காசு வாங்கலை.

பங்குனியில ஆபீசரம்மா கடைக்கு வந்தாங்க. நல்ல பொண்ணுங்க அது, அதைச் சொல்லணும். நாச்சிமுத்து விடாம அலைஞ்சு மேலே வரைக்கும் எழுதிப் போட்டிருக்கார். அந்தப் பொண்ணு அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சு வந்திருந்துச்சு.

"அம்மா, அண்ணன் கையெழுத்து வேண்டாம். உழவு பண்றவங்க பேர்லயே கார்டு குடுக்கலாம், நான் மேலே பேசிட்டேன். உங்க பேருக்கே போட்டுத் தர்றேன், கடை எங்கயும் போகாது. நீங்க ஒண்ணு மட்டும் செய்யணும். அவர் இறந்துட்டார்னு உங்க வாயால சொல்லணும். நீங்க சொல்லாம என்னால புதுக் கார்டு போட முடியாது. அவ்வளவுதான். சொல்லுங்க."

ரங்கம்மா எழுந்து நின்னுட்டா. "சொல்லிரு அக்கா"ன்னா. அந்தப்பக்கம் தேங்காய்க்காரர், "சொல்லும்மா, சொல்லும்மா"ங்கறார். டாக்டர் வீட்டம்மாவும் பையோட நிக்கிறாங்க.

பழனாத்தாள் ஆபீசரம்மாவைப் பார்க்கலை. என் பக்கம் திரும்பிச்சுன்னு அப்புறம் எல்லாரும் சொன்னாங்க. ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கிட்டிருந்துச்சாம். நான் ஒரு வார்த்தை சொல்லலைங்க. சத்தியமா. நான் பாட்டுக்குக் கத்தரிக்காய் பொறுக்கிக்கிட்டிருந்தேன்.

"டீ குடிக்கப் போயிருக்காருங்க மேடம்"னுச்சு.

"அம்மா..."

"வந்துருவாருங்க."

ஆபீசரம்மா கொண்டு வந்த பேப்பரை மடிச்சு வச்சாங்க. அப்புறம் தராசை அவங்களே எடுத்துக்கிட்டுப் போனாங்க. செத்தவர் கார்டுல கடை போட விட முடியாது, இருக்கார்னு சொல்ற இடத்துல புதுக் கார்டும் தர முடியாது. வேற என்ன பண்ணும் அந்தப் பொண்ணு? பழனாத்தாள் காயை மூட்டையில கட்டிக்கிட்டு அடுத்த பஸ்லயே ஊருக்குப் போயிருச்சு. துண்டை மறக்காம எடுத்துக்கிட்டுப் போச்சு.

நான் என்ன சொல்றேன்னா, அந்தம்மா உண்மை பக்கம் நின்னுச்சு. கடை போனாலும் பரவாயில்லைன்னு நின்னுச்சு. எத்தனை பேர் அப்படி நிப்பாங்க? ஆனா சந்தையில எல்லாருக்கும் கோபம் என் மேலதான். இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்க. மாசக்கணக்கா அத்தனை பேரும் சேர்ந்து பொய் சொன்னாங்க. நான் ஒருத்தன்தான் உண்மையைச் சொன்னேன். இப்ப நான் போனா, விலையைக் கேட்டாப் போர்டைக் காட்டறாங்க. எடை போட்டுக் குடுக்கறாங்க, பேச மாட்டேங்கறாங்க. கறிவேப்பிலையா? ஒரு இணுக்கு கிடையாது. டாக்டர் வீட்டம்மா என்னைப் பார்த்தா வேற வரிசைக்குப் போயிடறாங்க. உண்ணி டீயை ஆத்தாமக் குடுக்கறான், சீக்கிரம் குடிச்சுட்டுப் போங்கங்கற மாதிரி.

அதுகூடப் பெருசில்லை. பெருசு என்னன்னா, அந்தம்மா போனதிலேர்ந்து அவரும் வர்றதில்லை.

தினமும் போய்ப் பார்க்கறேன். சுலோச்சனா எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே போயிடறேன். நீலத் துண்டு போட்டு யார் நின்னாலும் சுத்தி முன்னாடி போய் மூஞ்சியைப் பார்க்கறேன். பழக்கமில்லாத வேலைங்க, கூச்சமா இருக்கு. ஒவ்வொரு மூஞ்சியிலும் வேற யாரோ ஒரு ஆள் இருக்கான். ஒருத்தன், "என்னய்யா பார்க்கறே, நான் உனக்குக் காசு தரணுமா?"ன்னு சண்டைக்கு வந்துட்டான். இன்னொருத்தர் பாவம், "என்னைத் தெரியுதுங்களா? மில்லுல ஸ்பின்னிங்ல இருந்தேன்"னு கையைப் பிடிச்சுக்கிட்டார். தெரியலைன்னு சொல்ல முடியலை.

இதுல ஒரு சங்கடம். கிட்டுச்சாமி மூஞ்சி எனக்கு ஞாபகம் வர மாட்டேங்குது. துண்டு வருது, கை வருது, இருமல் வருது. மேலே போகப் போக ஒண்ணும் இல்லை. வயசாகுதுல்ல, அதனாலதான். வேற ஒண்ணும் இல்லை.

பழனாத்தாள் ஊர்லேர்ந்து ரங்கம்மா மூலமாத் தினமும் கேட்டு அனுப்பும். வந்திருந்தாரா? நானும் வந்திருந்தார், வந்திருந்தார்னு முதல்ல சொல்லி அனுப்பினேன். அவர் வராம எங்க போயிடுவார்ங்கற நம்பிக்கையில. போன வாரம் ரங்கம்மா கீரைக்கூடையை நகர்த்தி வச்சுட்டு எழுந்து வந்தா.

"அய்யா, இனி இந்தச் சேதியை என் வாயில எடுத்துக்கிட்டுப் போக மாட்டேன். அவ சோறு திங்கறதில்ல. வெண்டை முத்திப் போய்ச் செடியிலயே காயுது. அந்த அண்ணங்காரன் ஆள் விட்டு வரப்பை வெட்ட ஆரம்பிச்சுட்டான். ஆபீசரம்மா இன்னும் கடையைத் தர்றேன்னுதான் சொல்லுது, அவ வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நாங்க எல்லாரும் சொல்லிப் பார்த்துட்டோம். நாங்க பொய் சொல்றவங்களாம். நீங்க சொன்னாத்தான் கேட்பா. போய்ச் சொல்லுங்க, நான் பார்க்கலைன்னு."

"பார்த்ததைப் பார்க்கலைன்னு எப்படிச் சொல்றது?"

"பொய்யாவாவது சொல்லித் தொலைங்க சாமி."

"ரங்கம்மா, நான் பொய் சொல்ல மாட்டேன். அது உனக்கே தெரியும்."

அவ ஒரு சத்தம் போட்டா. சிரிச்சாளா அழுதாளான்னு சொல்லத் தெரியலை, நான் கீரையைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

அதுக்குத்தான் இப்பப் போயிட்டிருக்கேன். வழி எல்லாம் ரங்கம்மா சொல்லி விட்டிருக்கா. நான் போய் அந்த வார்த்தையைச் சொல்லப் போறேன்னு நம்பிக்கிட்டிருக்கா அவ. காலையில என் பையில அவளே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் போட்டு விட்டா.

என்ன சொல்லப் போறேன்னு நேத்திலேர்ந்து யோசிச்சு ஒரு வாக்கியம் கட்டி வச்சிருக்கேன். "அவர் இப்ப அந்தக் கடைக்கு வர்றதில்லை." எப்படி? இதுல பொய் இருக்கா? ஒரு எழுத்து பொய் கிடையாது. இப்ப வர்றதில்லைங்கறது உண்மை. முன்னாடி வந்தார்ங்கறதும் உண்மை. ரங்கம்மா கேட்டதும் ஆச்சு, நான் சொன்னதும் நின்னுச்சு. அந்தம்மா அதைக் கேட்டுட்டு, சரி, இனி வர மாட்டார்னு ஆபீசுக்குப் போய்ச் சொல்லிரும். சொல்லிரும்தானே? இல்லை, வேற எந்தக் கடைக்குப் போறார்னு கேட்குமா?

நீங்க ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க? தூங்கிட்டீங்களா? இல்லையா, சரி.

வண்டி மெதுவாகுது. இதுதான் ஊருன்னு நினைக்கிறேன். நிழற்குடைகிட்ட நாலஞ்சு பேர் நிக்கிறாங்க. இதுல பழனாத்தாள் யாருன்னு... அந்த ஓரத்துல நிக்கிறதா? இவ்வளவு ஒல்லியாவா இருந்துச்சு? இல்லை, இது வேற யாரோ. "டைம்கீப்பர் அய்யா"ன்னு கூப்பிடுது. அப்ப அதுதான். நான் வர்றேன்னு ரங்கம்மா முன்னாடியே சொல்லியிருப்பா. பூ வச்சிருக்கு.

வர்றேங்க. பேச்சுத் துணைக்கு இருந்தீங்க, சந்தோஷம். என்னது, நீங்களும் இங்கதான் இறங்கணுமா? முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?

பொறுங்க. கூப்பிட்டதோட சரி, அந்தம்மா என்னைப் பார்க்கலைங்க. என் தோளுக்கு மேல பார்க்குது. எனக்குப் பின்னாடி யார் இறங்கப் போறாங்கன்னு படியையே பார்த்துக்கிட்டு நிக்குது.

நீங்க முன்பக்கம் போய் இறங்கிக்கோங்க. கண்டக்டர், ஒரு நிமிஷம். இல்லைங்க, கோவிச்சுக்காதீங்க, உங்க மேல ஒண்ணும் இல்லை. அந்தம்மா மூஞ்சியைப் பாருங்க. தயவு பண்ணி என் பின்னாடி மட்டும் இறங்காதீங்க.